பின்வாசல் கல்

வீட்டுக்குக் கல் பதிக்க என்னைக் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் நிறத்தைப் பற்றிக் கேட்பதில்லை. வீட்டில் யார் எந்த வாசலால் வந்து போகிறார்கள், எந்த வேலையை எங்கே நின்று செய்கிறார்கள் என்றுதான் கேட்பேன். “என்ன பாஸ், பொண்ணு பாக்க வந்த மாதிரி விசாரிக்கிறீங்க” என்று சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வீட்டில் கல் பதித்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டுக்காரி இன்றைக்கு அந்த வீட்டில் இல்லை. அதற்குக் காரணம் நான்.

என் பெயர் றோலண்ட். ஹட்டனில் இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை. கல் வேலை செய்கிறவரை இங்கே பாஸ் என்பார்கள். றோலண்ட் பாஸ் எப்படி என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும், வேலை சுத்தம், வாய் மோசம் என்பார்கள். இரண்டையும் நான் மறுக்க மாட்டேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் நிற்கும். காரணம் சொல்லிப் புரியவைக்கிற பொறுமை கிடையாது. சத்தம் போட்டால் காரியம் முடிகிறது என்று பழகிவிட்டேன். கல்லோடு பழகிப் பழகி மனுசரையும் கல் என்று நினைத்துவிட்டீர்கள் என்று என் மனைவி சிசிலி அடிக்கடி சொல்வாள். அதை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

நான் சொல்ல வந்தது நாகலெட்சுமி அக்காவைப் பற்றி. பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் மேல் டிவிஷன். அங்கேயே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, அங்கேயே பதினாறு வயதில் கொழுந்துக் கூடை மாட்டி, அங்கேயே கல்யாணமும் முடித்தவர். புருசன் பழனியாண்டி தேயிலையைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டிச் செத்துப்போனார். மகன் தர்ஷனுக்கு அப்போது ஆறு வயது. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா பெரட்டுக்குப் போய் நின்றார் என்று அந்த லயத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். காலையில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புகிற அந்த இடத்தில் ஒருத்தரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லையாம். அவராகவே கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாராம்.

அந்த லயத்து அறையில் அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. தரை. வெறும் சிமெந்துத் தரைதான். வெடிப்பு விட்ட இடங்களை அவரே பூசி, சனிக்கிழமை தவறாமல் சிவப்பு பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் முழங்காலில் நின்று தேய்ப்பார். முகம் தெரியும் என்பார்கள். ஒருதரம் கூரை ஒழுகுகிறது என்று பார்க்க வந்த கண்டாக்கையா, தோட்டத்தையே அதட்டி வேலை வாங்குகிற மனுசர், வாசலில் நின்று தரையைப் பார்த்துவிட்டு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாராம். அக்கா இந்தக் கதையை எனக்கே நாலு தடவை சொல்லியிருக்கிறார். நாலு தடவையும் “சப்பாத்த கழட்டிட்டாரு” என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்.

மகன் தர்ஷன் படித்து முடித்து டோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலுக்குத் துப்புரவு வேலைக்குப் போனான். இடையில் ஒருதரம் வந்து நிஷாந்தியைக் கல்யாணம் செய்தான். அந்தப் பிள்ளை தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். பிறகு லயத்துக்குக் கீழே ஏழு பேர்ச் காணி கிடைத்து, அதில் தனி வீடு எழும்பியது. முன்னால் ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் குசினி. குசினிக் கதவைத் திறந்தால் நேரே தேயிலை. தரைக்கு என்னைப் பிடித்தார்கள். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

நான் போன முதல் நாளே தர்ஷன் போனில் வந்தான். வீடியோவில் முகத்தைக் காட்டி மரியாதையாகத்தான் பேசினான். சாதாரண டைல்ஸ் வேண்டாம், வெள்ளை மார்பிள்தான் வேண்டும், வீடு முழுக்க, குசினி வரைக்கும், பின்வாசல் வரைக்கும் ஒரே கல் என்றான். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். மார்பிள் இந்தக் குளிருக்குச் சரிவராது, பராமரிக்கிறது கஷ்டம், வீட்டுக்காரருக்கு அறிவு வேண்டும் என்று சொல்லப் போனேன். அவன் என்னை மறிக்கவில்லை. நான் முடிக்கும் வரைக்கும் இருந்துவிட்டுச் சொன்னான்.

“அண்ணே, ஒம்பது வருஷமா நான் இங்க தொடைக்கிறது அந்தக் கல்லுதான். தொடைக்கிறப்ப எல்லாம் ஒண்ணுதான் நெனப்பேன். எங்கம்மா ஒரு நாளாவது இந்த மாதிரி கல்லுல நடக்கணும்.”

சரி என்றேன். அதோடு, உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு ஆசை இருந்தது. நுவரெலியாவில் இரண்டு ஹோட்டலுக்கு நான் மார்பிள் பதித்திருக்கிறேன். வேலை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு என் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்ற காவலாளி சிங்களத்தில் என்ன விஷயம் என்று கேட்டு, எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். நான் பதித்த கல்லில் நான் கால் வைக்க முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்குள் கிடந்தது. நம்முடைய ஆட்கள் வீட்டில், தோட்டத்துக்கு நடுவில், வெள்ளை மார்பிள். றோலண்ட் பாஸ் பதித்தது என்று நாலு பேர் பார்க்க வேண்டும். அந்தத் தலைக்கனம்தான் எனக்கு.

கல் எடுக்கக் கண்டி வீதியில் ஒரு கல்லுக்கடைக்குப் போனோம். நான், அக்கா, நிஷாந்தி, நிஷாந்தி கையில் போன், போனுக்குள் தர்ஷன். கல் எடுக்கப் போனால் என் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். பாதியாக வெட்டி ஒரு துளியைக் கல்லில் விட்டு, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் வைத்துத் துடைத்தால் கல்லின் குணம் தெரிந்துவிடும். மார்பிள் என்றால் அந்த இடம் மங்கிப் போயிருக்கும். அது கறை இல்லை, துடைத்தால் போகாது. புளிப்பு கல்லையே தின்றுவிடும். கருங்கல் என்றால் ஒன்றும் ஆகாது. இதை வீட்டுக்காரர் கண் முன்னால் செய்து காட்டுவேன். பார்த்த பிறகு ஆசை இருந்தால் எடுக்கட்டும் என்பது என் கணக்கு.

அன்றைக்கு நான் செய்து காட்டவில்லை. பழம் பையில்தான் இருந்தது. செய்து காட்டினால் அக்கா பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம். பையைத் திறக்காமலே வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

அக்கா என்ன செய்தார் தெரியுமா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கடையில் மாதிரிக்குப் பதித்திருந்த ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று பார்த்தார். எல்லாரும் கையால் தடவிப் பார்ப்பார்கள், அவர் காலால் பார்த்தார். கடைக்காரப் பெடியன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெள்ளை மார்பிளில் ஏறியவர் குளிர் ஏறுகிறது என்று உடனே இறங்கினார். மூலையில் கரடாக இருந்த ஒரு கருங்கல்லில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல், மழைக்கும் வழுக்காது. அதில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உள்ளுக்கு என்னத்தையும் போடுங்க, புள்ள ஆசப்படுறான். பின்வாசல்ல மட்டும் இந்தக் கரட்டுக் கல்லு போடுங்க. விடியக்காலையில அங்கன நின்னு எனக்கு ஒரு வேல...”

நான் முடிக்க விடவில்லை. வெள்ளைக்குக் கடைசியில் கறுப்பு வைத்தால் நல்ல சேலைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும், அதெல்லாம் எனக்குத் தெரியும், நீங்கள் பேசாமல் இருங்கள் என்றேன். அக்கா இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டார். என்ன வேலை என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது ஆயிரம் தடவை கேட்டுப் பார்க்கிறேன்.

ஏழு வாரம் வேலை. சும்மா சொல்லக்கூடாது, என் ஆயுசில் அப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. கல்லின் சாம்பல் நரம்பு ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு ஓடுகிற மாதிரி தேடித் தேடிப் பதித்தேன். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் இரண்டிலுமிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அக்கா வேலை முடிந்து வந்து, கூடையை வெளியே இறக்கிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருவார். கல்லைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பெருமைதான் இருந்தது என்று அப்போது நினைத்தேன்.

வீடு குடிபோன அன்றைக்குப் பூசாரி வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி வைக்கப் போனார். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், எனக்கு அங்கே பேச உரிமை இல்லை. இருந்தாலும் ஓடிப்போய், இங்கே வைக்காதீர்கள், வெளியே மண்ணில் வையுங்கள் என்று கத்தினேன். மஞ்சள் தண்ணீர் ஆரத்தியையும் முற்றத்தோடு நிறுத்தினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னபடி செய்தார்கள். ஏன் என்று நான் சொல்லவில்லை, சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை. குங்குமமும் மஞ்சளும் வெள்ளைக் கல்லில் கறை பிடிக்கும், அதனால்தான் பாஸ் சத்தம் போடுகிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டார். கெடுக்கிறது பழம் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

எட்டு மாதம் கழித்து நிஷாந்தி போன் எடுத்தாள். பின்வாசல் கல் மங்கிப் போய்விட்டது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை, இவர் தினம் வீடியோவில் தரையைக் காட்டச் சொல்லுகிறார், அந்தப் பக்கம் காட்டப் பயமாக இருக்கிறது என்றாள். நோர்வூட் வழியாக பஸ் பிடித்துப் போனேன். போய்ச் சேரும்போது மத்தியானம் மூன்று மணி.

குசினிக் கதவுக்குப் பக்கத்துக் கல்லில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்தேன். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால்தான் கல்லின் காயம் தெரியும். முழுக் கல்லும் மங்கிப் பூத்துப் போயிருந்தது. நடுவில் மட்டும் இரண்டு இடம் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. பாதம். இரண்டு பாதம் பக்கத்தில் பக்கத்தில், வெளியே பார்த்தபடி. ஒரே ஆள் தினமும் ஒரே இடத்தில் நின்று காலில் புளிப்பை ஊற்றியிருக்கிறார். பாதம் மூடிய இடம் தப்பி, சுற்றி வழிந்த இடம் வெந்திருக்கிறது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அக்கா மலையிலிருந்து வந்ததும் வராததுமாக, எலுமிச்சம்பழம் யார் ஊற்றினது என்று கேட்டேன். அக்கா விழித்தார். பிறகு, நான்தான் தம்பி, அட்டைக்கு என்றார்.

அட்டை. மழை மாதத்தில் இந்த மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் விடியற்காலை வீட்டு வாசலில் நின்று, பாதி எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் காலில் பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் தேய்த்துக்கொண்டுதான் மலைக்கு இறங்குவார்கள். அது இல்லாவிட்டால் விரல் இடுக்கெல்லாம் அட்டை ஏறி, காலெல்லாம் இரத்தம் வழியும். என் அம்மா தேய்த்தார். என் அக்கா தேய்த்தார். தர்ஷன் தினமும் பார்த்து வளர்ந்தவன். லயத்துச் சிமெந்தில் எத்தனை பழம் வழிந்தாலும் யார் பார்த்தார்கள். கல்லுக்கடையில் அவர் சொல்ல வந்த விடியக்காலை வேலை இதுதான். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிகிற எனக்கு, என் சொந்த அம்மா காலில் தேய்த்த எலுமிச்சம்பழம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த இடத்திலேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். தப்பு என் தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது. மருமகள் பக்கத்தில் நிற்க, கூடையை இறக்காமல் நின்ற அந்த மனுசியைப் பார்த்துச் சொன்னேன்.

“சிமெந்துத் தரையில வளந்த காலுக்கு மார்பிள் எதுக்கு? உங்களுக்கெல்லாம் லயந்தான் சரி.”

சொன்ன நானும் லயத்தில் பிறந்தவன்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, ஆனால் பிடுங்கிக்கொள்ளவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நிஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா கூடையை வெளியே இறக்கி வைத்தார். கால் கழுவித் துடைத்துவிட்டு உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்து எனக்குத் தேத்தண்ணி போட்டார். கையில் கோப்பையைத் தந்துவிட்டு, இனி எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், சொல்லுங்கள் தம்பி என்றார்.

சொன்னேன். எட்டு மாதத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அன்றைக்குச் சொன்னேன். எலுமிச்சை, புளி, வினாகிரி, கக்கூஸ் கழுவுகிற அசிட், ஒன்றும் கிட்ட வரக்கூடாது. சிந்தினால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. மண்ணும் மணலும் கல்லைக் கீறும், அதனால் வாசலில் சாக்கு போட வேண்டும். துடைக்கிறதுக்கு மெல்லிய சவர்க்காரத் தண்ணீர், மெல்லிய துணி. வருடத்துக்கு ஒருதரம் நான் வந்து கல்லுக்குப் பாதுகாப்பு எண்ணெய் பூசித் தருவேன். மங்கின கல்லை மெஷின் கொண்டுவந்து தேய்த்தால் பழையபடி ஆக்கலாம், அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த மாதம் நான் போகவில்லை. நுவரெலியாவில் ஒரு பங்களா வேலை கிடைத்தது. அதற்கு அடுத்த மாதமும் போகவில்லை. உண்மையில் அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம்.

நடந்ததைப் பிறகு நிஷாந்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மறுநாளே அக்கா பழத்தையும் உப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணி ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம், மழையில் போய் நின்று தேய்த்துக்கொண்டாராம். பிறகு பின்வாசலையே விட்டுவிட்டார். புளி கரைக்கிறதை வெளியே வைத்துக்கொண்டார். அப்புறம் சமையலே வெளியே, தகரம் சாய்த்து ஒரு விறகடுப்பு. அப்புறம் சாப்பாடும் அங்கேயே, ரசம் சிந்திவிடும் என்று. அந்தப் பிள்ளை மன்றாடியிருக்கிறாள். கல் கெட்டால் கெட்டுப் போகட்டும், உள்ளே வாருங்கள் அம்மா என்றிருக்கிறாள். அக்கா சிரித்தே சமாளித்திருக்கிறார். ஒரு நாள், லயத்து அறை சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, பெரட்டுக் களத்துக்கும் கிட்ட என்று சொல்லிப் பாயையும் இரண்டு சட்டியையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். மகனிடம் சொல்லக்கூடாது என்று மருமகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அவன் போன் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் கீழே இறங்கி வந்து, கூடத்தில் நின்று பேசிவிட்டுத் திரும்பப் போவார்.

இதை நிஷாந்தி போனில் அழுதுகொண்டே சொன்ன அன்றைக்குத்தான் நான் மறுபடி பஸ் ஏறினேன். நேரே லயத்துக்குப் போனேன். பழைய அறை. சிவப்புத் தரை, புதிதாகப் பொலிஷ் போட்டிருந்தது. நான் சப்பாத்தைக் கழற்றினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மழையைப் பற்றியும், கொழுந்து குறைந்து போனதைப் பற்றியும், நோர்வூட் ரோட்டுப் பள்ளத்தைப் பற்றியும் பேசினேன். எழும்பும்போதுதான், வீட்டுக்கு வாருங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை வாயில் வந்தது.

“ஒங்க மேல கோவம் இல்ல தம்பி,” என்றார். “நீங்க சொன்னது மெய்தானே. அது பெரிய எடத்துக் கல்லு. ராவும் பகலும் அதப் பாத்துப் பாத்து நடக்க என்னால ஏலல. இங்கன்னா நான் பாட்டுக்கு நடப்பேன்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் மலைச்சுற்று ரோட்டில் வயிற்றைப் பிரட்டுகிறதாக்கும் என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

போன வருடம் ஆடி மாதம் தர்ஷன் லீவில் வந்தான். சொல்லாமல் வந்து இறங்கினான். வீட்டில் அம்மா இல்லை. லயத்தில் போய்ப் பார்த்திருக்கிறான். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டான். நான் போகும்போது அடிப்பானோ, திட்டுவானோ என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். திட்டியிருந்தால் நல்லது. அவன் பின்வாசல் கல்லுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தான். அந்த இரண்டு பாதத்தையும் அவனும் கண்டுபிடித்திருந்தான். அதற்காகவே சம்பளம் வாங்குகிறவனுக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா.

“அங்க யார் யாரோ கால் தடத்தத் தொடைக்கிறேன் அண்ணே,” என்றான். “தரைய காட்டு, தரைய காட்டுன்னு நானும் தெனம் கேட்டிருக்கேன். அம்மா நிக்கிறாங்களா, ஒக்காந்து சாப்பிட்டாங்களான்னு ஒரு நாள் கேக்கல.”

கரட்டுக் கல் வாங்கி வாருங்கள் என்றான். நான் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு வந்திருந்தேன், பஸ்ஸில் மடியில் வைத்து. மார்பிள் துண்டைச் சுற்றி கிரைண்டரால் வெட்டி, உடையாமல் எடுத்தேன். தர்ஷன் அதைத் தூக்கி எறியச் சொன்னான். நான் எறியவில்லை. சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தேன். கருங்கல்லைப் பசை தடவிப் பதித்தேன். வெள்ளைக்குக் கடைசியில் கறுப்பு. ஒட்டுப் போட்ட மாதிரி இல்லை. நன்றாகத்தான் இருந்தது. முதல் நாளே நன்றாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு நாள் காயவிட்டு, தர்ஷன் மேலே போய் அம்மாவைக் கூட்டி வந்தான். அக்கா பின்பக்கத்தால் வந்தார். முன்னைக்கு மெலிந்திருந்தார். கால் இரண்டும் சுத்தமாக இருந்தது, உப்பும் இல்லை, பழவாடையும் இல்லை. மழை மாதத்தில் அட்டைக்கு ஒன்றும் தேய்க்கவில்லையா என்று கேட்டேன்.

“அறுவது முடிஞ்சிருச்சு தம்பி, போன மாசத்தோட பேர வெட்டிட்டாங்க,” என்றார். “மலைக்குப் போனாத்தானே அட்ட.”

நாற்பத்து நாலு வருடம் விடியற்காலையில் நின்று செய்த வேலை முடிந்துவிட்டது. அதற்கு வேண்டிய கல் இப்போதுதான் வந்து சேர்ந்தது. தர்ஷன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கல்லுக்கடையில் செய்த மாதிரியே அதன் மேல் ஏறி நின்றார். இரண்டு பாதத்தையும் அழுத்திப் பார்த்தார். இதுதான் நான் கேட்டது என்று சொல்லிச் சிரித்தார். மகன் முகத்தைப் பார்த்து, நல்லா இருக்குப்பா என்றார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளைக் கல் முழுக்கத் துடைத்துப் பளபளவென்று கிடந்தது. அக்கா முந்தானையால் ஒரு காலைத் துடைத்தார். மற்றக் காலையும் துடைத்தார். பாதத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். பிறகு மகனிடம் கேட்கவில்லை, மருமகளிடமும் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

“தம்பி, கால் காஞ்சிருச்சு. உள்ள வரலாமா?”

தோட்டத்துக் கண்டாக்கையாவையே சப்பாத்தைக் கழற்ற வைத்த மனுசி. அவருடைய வீடு. என் வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி, வாங்கக்கா என்றேன். அக்கா வந்தார். சுவரோரமாக ஒரு கதிரையில் நுனியில் உட்கார்ந்து, நிஷாந்தி தந்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துச் சிந்தாமல் குடித்தார். தர்ஷன் காலடியில் தரையில் உட்கார்ந்து, இங்கேயே இருங்கள் அம்மா என்று என்னென்னவோ சொன்னான். எல்லாவற்றுக்கும் சரிப்பா, சரிப்பா என்றார். அவன் லீவு முடிகிற வரைக்கும் அங்கேயே படுத்தார் என்று கேள்விப்பட்டேன். அவன் பிளேன் ஏறின மறுநாள், பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டார்.

அந்த மார்பிள் துண்டு என் வீட்டில் இருக்கிறது. மெஷின் போட்டுத் தேய்த்தால் அரை மணித்தியால வேலை, புதுக் கல் ஆகிவிடும். நான் தேய்க்கவில்லை.